ஒரே கையில் 17,897 ஸ்ட்ரிப்கள்: சார்லஸ் ஷூல்ஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க நாளிதழ்களில் 1950 அக்டோபர் 2 அன்று தொடங்கி 2000 பிப்ரவரி 13 அன்று நிறைவுற்ற ‘பீனட்ஸ்’ என்னும், குழந்தைகளைப் பற்றிய காமிக் ஸ்ட்ரிப் (சில கட்டங்களில் முடியும் சித்திரக்கதை) தொடரில் வெளிவந்தவை மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்கள். இவற்றில் வாரநாட்களுக்கு உரியவை 15,391. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உரியவை 2,506. நாட்காட்டியை எதிரில் வைத்துக்கொண்டு இந்த எண்களைச் சரிபார்த்துப் பார்த்தேன். வாரநாள் ஸ்ட்ரிப் கடைசியாக வந்தது 2000 ஜனவரி 3 அன்று. தொடங்கிய நாளிலிருந்து அந்த நாள் வரை ஞாயிறு நீங்கலாக 15,421 நாட்கள் வருகின்றன. ஞாயிறு பக்கம் 1952 ஜனவரி 6 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து இறுதி நாள் வரை 2,511 ஞாயிறுகள். ஆக முதல் கணக்கில் 30 குறைகிறது, இரண்டாவதில் 5 குறைகிறது. 30 வாரநாட்களும் 5 ஞாயிறுகளும் சேர்ந்தால் சரியாக ஐந்து வாரம். தமது 75-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாளான 1997 நவம்பர் 27 முதல் டிசம்பர் 31 வரை, தொடரின் படைப்பாளர் சார்லஸ் ஷூல்ஸ் எடுத்துக்கொண்ட விடுப்பு அது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவர் வரையாமல் விட்ட நாட்கள் அவை மட்டுமே.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி, அவர் எவ்வளவு புகழ் பெற்றார் என்பதன்று. நாளிதழ்ச் சித்திரத் தொழிலில் உதவியாளர்களை வைத்துக்கொள்வதும், படைப்பாளர் மறைந்த பின் தொடரை வேறொருவர் தொடர்வதும் இயல்பாக இருந்த காலத்தில், ஒருவர் எழுதுவது, பென்சிலில் அமைப்பது, மையிடுவது, பேச்சுக்குமிழ்களில் எழுத்து வரைவது ஆகிய அனைத்தையும் தாமே செய்து முடித்தது எப்படிச் சாத்தியமாயிற்று, அந்தப் பிடிவாதம் படைப்பை என்ன செய்தது என்பதே கேள்வி. அவருக்குக் கிடைத்த இடத்தின் குறுக்கமே, எல்லாவற்றையும் ஒரே கையால் முடிக்கும் அந்தத் தனிக்கையைச் சாத்தியமாக்கியது என்று கருதுகிறேன்; அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

பின்னணி

ஷூல்ஸ் 1922 நவம்பர் 26 அன்று மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் பிறந்து, பக்கத்து நகரமான செயின்ட் பாலில் வளர்ந்தார். தந்தை முடிதிருத்தும் கடை நடத்தியவர்; ஜெர்மனியில் பிறந்தவர். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே, அப்போது பரவலாகப் படிக்கப்பட்ட ‘பார்னி கூகுள்’ தொடரில் வந்த ஸ்பார்க் பிளக் என்ற குதிரையின் பெயரைச் சுருக்கி, உறவினர் ஒருவர் ‘ஸ்பார்க்கி’ என்று செல்லப்பெயர் வைத்தார். கடைசிவரை நண்பர்கள் அவரை அப்படியேதான் அழைத்தார்கள். அந்தக் குதிரையை உருவாக்கிய பில்லி டெபெக் 1942-இல் இறந்தபோது தொடர் அவருடைய உதவியாளரின் கைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் நீடித்தது. தம் பெயரையே ஒரு காமிக் ஸ்ட்ரிப்பிலிருந்து பெற்றவர், பின்னாளில் தம் தொடருக்கு அந்த வழியை ஏற்கவில்லை.

பள்ளியில் கூச்ச சுபாவம் கொண்ட மாணவர். 1937-இல், ஊசிகளையும் சவரத் தகடுகளையும் விழுங்கிவிடும் தம் வீட்டு நாய் ஸ்பைக்கின் படத்தை விந்தைகளைத் தொகுத்துத் தந்த ரிப்ளியின் ‘நம்பினால் நம்புங்கள்’ பகுதிக்கு அனுப்பி, முதன்முதலாகத் தம் சித்திரத்தை அச்சில் கண்டார். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலருக்கு அவர் கொடுத்த சித்திரங்கள் இடம்பெறவில்லை. அந்தப் புறக்கணிப்பை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. மினியாபொலிஸில் இயங்கிய ஓர் ஓவியப் பள்ளியின் அஞ்சல்வழிப் பாடத்தில் சேர்ந்து பயின்றார். 1943-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு அவர் முகாமுக்குப் புறப்படவிருந்த நாட்களில் தாயார் புற்றுநோயால் இறந்தார். 20-ஆவது கவசப் படைப்பிரிவில் சேர்ந்து, போரின் இறுதிக் காலத்தில் ஐரோப்பாவில் இயந்திரத் துப்பாக்கிக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். தாயைப் பறிகொடுத்த கையோடு வீட்டைப் பிரிந்ததுதான் தம் தனிமையின் ஊற்று என்று அவர் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். ‘பீனட்ஸ்’ குழந்தைகளின் முகத்தில் படிந்திருக்கும் சோகத்தைக் கற்பனை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

போரிலிருந்து திரும்பியதும் கத்தோலிக்கக் காமிக் இதழ் ஒன்றில், பிறர் வரைந்த படங்களின் பேச்சுக்குமிழ்களுக்கு எழுத்து வரைந்து கொடுத்தார். கூடவே, தாம் படித்த அஞ்சல்வழி ஓவியப் பள்ளியிலேயே மாணவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்தும் ஆசிரியராகவும் வேலை பார்த்தார். சார்லி ப்ரௌன், லைனஸ், ஃப்ரீடா ஆகிய ‘பீனட்ஸ்’ பாத்திரங்களின் பெயர்கள் அங்கே உடன் பணியாற்றியவர்களிடமிருந்து வந்தவை. அங்கே கணக்குப் பிரிவில் இருந்த செந்நிறக் கூந்தல் பெண்ணொருத்தி 1950-இல் அவரது திருமண விருப்பத்தை மறுத்து வேறொருவரை மணந்துகொண்டாள். அவளே சார்லி ப்ரௌன் தூரத்திலிருந்து ஏங்கும் ‘செந்நிறக் கூந்தல் சிறுமி’ ஆனாள். தொடர் முழுவதிலும் அந்தச் சிறுமியின் முகத்தை ஷூல்ஸ் வரையவேயில்லை.

1947 முதல் 1950 வரை ‘செயின்ட் பால் பயனியர் பிரஸ்’ இதழில் ‘லில் ஃபோக்ஸ்’ என்ற தலைப்பில் வாரம் ஒருமுறை குழந்தைகள் சித்திரங்களை வெளியிட்டார். அவை பெண்கள் பகுதியில் இடம்பெற்றன. நல்ல இடமும் கூடுதல் ஊதியமும் கேட்டார், இரண்டும் மறுக்கப்பட்டன, விலகினார். அந்த விலகல்தான் அவரை நியூயார்க்குக்கு, யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்டின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான்கு சிறிய கட்டங்கள்

அமெரிக்காவில் ஒரு காமிக் ஸ்ட்ரிப்பை நாளிதழ்களுக்கு விற்பது சிண்டிகேட் என்னும் இடைநிலை நிறுவனம். ஓவியர் வரைந்து அனுப்புவதை அது நூற்றுக்கணக்கான இதழ்களுக்கு விநியோகித்து, வரும் கட்டணத்தில் ஒரு பங்கை ஓவியருக்குத் தரும். ஷூல்ஸ் ஒற்றைப் படச் சித்திரங்களோடு போனார். சிண்டிகேட்டுக்கு அவரிடமிருந்த கட்டத் தொடர் பிடித்துப்போயிற்று. ஆனால் அதை அவர்கள் விற்க நினைத்தது, இடத்தை மிச்சப்படுத்தும் சரக்கு என்ற முறையில். நான்கு கட்டங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தை அமைப்பவர் அவற்றை வரிசையாகக் கிடத்தலாம், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம், அல்லது இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சதுரமாக்கலாம். மற்றத் தொடர்களைவிட உயரமும் குறைவு. ஓவியர் கேட்டு வாங்கிய வடிவமன்று இது; விளம்பரம் போக மிஞ்சிய மூலையை நிரப்பத் தோதாக வெட்டப்பட்ட அளவு.

அந்தச் சிறு கட்டத்துக்குள் விரிந்த நிலக்காட்சியை வரைய வழியில்லை. சாகசமும் கூட்டமும் அதில் அடங்கா. பெரியவர்களையும் நிறுத்த முடியாது. குழந்தையின் கண் உயரத்துக்கு விளிம்பு வரைந்தால் வளர்ந்தவரின் இடுப்புக்கு மேல் கட்டத்துக்கு வெளியே போய்விடும். தொடக்க காலத்துச் சில விதிவிலக்குகள் தவிர, ‘பீனட்ஸ்’ உலகில் பெரியவர் உருவம் வருவதில்லை. எஞ்சியவை ஒரு புல்வெளி விளிம்பு, ஒரு செங்கல் சுவர், இரண்டு தலைகள், அவற்றிடையே ஓர் உரையாடல், பிறகு ஒரு மௌனம்.

முதல் நாள் ஸ்ட்ரிப்பை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சிறுவனும் சிறுமியும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் உருண்டைத் தலைப் பையன் ஒருவன் நடந்து வருகிறான். நம்ம சார்லி ப்ரௌன் வருகிறான் என்கிறான் சிறுவன். பையன் அவர்களைக் கடக்கும்போது சிறுவன் அதையே மகிழ்ச்சியோடு திரும்பச் சொல்கிறான். பையன் கட்டத்தை விட்டுப் போய்விடுகிறான். நான்காவது கட்டத்தில், முகம் சுருங்க, அவனை எனக்கு எவ்வளவு வெறுப்பாக இருக்கிறது என்கிறான் சிறுவன். சிறுமி வாய் திறக்கவில்லை. மூன்று கட்டங்களுக்கு ஒரே தொனியை வைத்து நான்காவதில் கவிழ்ப்பதற்கு, நான்கும் ஒரே அளவில் இருப்பது உதவுகிறது. எந்தக் கட்டமும் பெரிதாகி, இங்கேதான் நகைச்சுவை என்று முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை. வாசகர் ஒரே நடையில் வந்து தடுக்கி விழுகிறார். அது வரையில் குழந்தைத் தொடர்கள் காட்டிவந்த குறும்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழந்தைகளிடையே உள்ள கொடுமையை அதே அளவில், சத்தமில்லாமல் எடுத்து வைத்த தொடர் இது.

‘வாஷிங்டன் போஸ்ட்’, ‘சிகாகோ டிரிப்யூன்’ உள்ளிட்ட 7 இதழ்களில் அது வெளியானது. ஸ்னூபி என்ற நாய் இரண்டு நாள் கழித்து வந்தது. 1951-இல் ஷ்ரோடர், 1952-இல் லூசியும் லைனஸும், 1959-இல் சாலி என்று கூட்டம் மெல்லத்தான் சேர்ந்தது. லூசி பந்தைப் பிடித்துக்கொள்ள, சார்லி ப்ரௌன் ஓடிவந்து உதைக்கப் போகும் கணத்தில் அவள் அதை இழுத்துக்கொள்ளும் காட்சி 1952-இல் தொடங்கி ஆண்டுதோறும் திரும்பி வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அவள் சொல்லும் காரணம் மாறும். அவன் நம்புவது மாறாது. அவனை ஒருமுறையாவது உதைக்க விட்டிருக்கலாம் என்று வாசகர்கள் பலர் நினைத்ததுண்டு. ஓய்வை அறிவித்த நாட்களில், அந்தப் பையனுக்கு அந்தப் பந்தை உதைக்கக் கிடைக்கவே இல்லையே என்று ஷூல்ஸே கண்கலங்கினார்.

வரையும் முறை

யோசனையை முதலில் மஞ்சள் நிறக் குறிப்புத்தாளில் கிறுக்கிக்கொள்வார். வரைதாளில் கட்டங்களுக்குள் முதலில் எழுத்துகளை முடிப்பார்; குமிழின் இடம் உறுதியான பிறகே உருவங்கள். பென்சில் வேலை மிகக் குறைவு. தலை எங்கே, தோள் எங்கே என்று அடையாளம் மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான வரைதலை மைப்பேனாவால் செய்வார். பென்சில் கோட்டின் மேல் மையைப் பூசினால் கோடு செத்துவிடும் என்பது அவர் அனுபவம். எஸ்டர்புரூக் நிறுவனத்தின் 914 எண் நிப்புதான் அவருக்குப் பழக்கம். அந்த நிறுவனம் மூடப்பட்டபோது மீந்திருந்த நிப்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, மீதி வாழ்நாளை அவற்றைக் கொண்டே நடத்தினார்.

சார்லி ப்ரௌனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த முறையின் பொருள் விளங்கும். ஒரு வட்டம், அதில் இரண்டு புள்ளிகள், நெற்றியில் சுருண்ட ஒரு முடிக்கோடு, வாய்க்கு ஓர் அலைக்கோடு. கவலை வரும்போது புள்ளிகளின் இருபுறமும் அடைப்புக்குறி போல மெல்லிய வளைவுகள் சேரும், வேறொன்றும் மாறாது. வாய்க்கோட்டின் நடுக்கம் அரை மில்லிமீட்டர் கூடினால் கவலை அழுகையாகிவிடும், குறைந்தால் வெறும் சலிப்பாகிவிடும். வேறொருவரைக் கொண்டு மையிடச் செய்ய முடியாத வரைதல் இது. பென்சிலில் அந்த உணர்ச்சி இன்னும் பிறக்கவேயில்லை. விரிவான பின்னணியும் நுணுக்கமான நிழலும் கொண்ட தொடராக இருந்தால், பின்னணியை உதவியாளர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் தாம் வரையலாம். சிறு கட்டம் பின்னணியை ஏற்கெனவே நீக்கிவிட்டதால் ஒப்படைக்க எதுவும் மிச்சமில்லை. ஒருவரால் நாள்தோறும் முடிக்கக் கூடிய அளவு வேலைதான் மிஞ்சியது. நான் மேலே சொன்ன முடிவுக்கு இதுவே அடிப்படை.

இதில் ஒரு வரையறை உண்டு. 1950-களின் இறுதியில் வெளிவந்த ‘பீனட்ஸ்’ காமிக் புத்தகங்களுக்குப் பிற ஓவியர்கள் வரைந்தார்கள். பில் மெலெண்டஸ் இயக்க, லீ மெண்டல்சன் தயாரித்து 1965 டிசம்பர் 9 அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் படமும் அதைத் தொடர்ந்தவையும் அசைவூட்டக் கலைஞர்களின் உழைப்பு. பொம்மைகள், அட்டைகள், விளம்பரங்கள் எல்லாம் வேறு பலரின் வேலை. அவற்றுக்கெல்லாம் இசைந்தவர், நாளிதழ் ஸ்ட்ரிப்பை மட்டும் யாரும் தொட விடவில்லை. வணிகத்துக்கு அவர் அளவு மீறி இடம் கொடுத்தார் என்ற குறை நியாயமானதே. ஆயினும் கோட்டை எங்கே போட்டார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

பெயரும் உரிமையும்

‘பீனட்ஸ்’ என்ற பெயர் அவருடையதன்று. ‘லில் ஃபோக்ஸ்’ என்பது வேறு தொடர்களின் பெயரோடு மோதும் என்று சிண்டிகேட் தானே ஒரு பெயரைச் சூட்டியது. அற்பமான, கண்ணியமில்லாத பெயர் என்று இறுதிவரை அவர் வருந்தினார். பதிப்புரிமையும் சிண்டிகேட்டிடமே இருந்தது. அக்காலத்தில் புதிய ஓவியர் யாருக்கும் வேறு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற பிறகும், 1969 மே மாதம் அப்போலோ 10 விண்கலங்களுக்குச் சார்லி ப்ரௌன், ஸ்னூபி என்று பெயரிடப்பட்ட பிறகும், சட்டப்படி அந்தக் குழந்தைகள் அவருக்குச் சொந்தமில்லை. தலைமுறை ஒன்று கழித்து ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ தொடரின் பில் வாட்டர்சன், பொருள்களில் தம் பாத்திரங்களை அச்சிட மறுத்து சிண்டிகேட்டோடு பல ஆண்டுகள் போராடி, பத்தாண்டு முடிவில் 1995-இல் தாமே நிறுத்திக்கொண்டார். வாட்டர்சன் ஷூல்ஸை மிகவும் மதித்தவர். இருவரில் யார் வழி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை.

ஃப்ராங்க்ளின்

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், லாஸ் ஏஞ்சலிஸ் ஆசிரியை ஒருவர் ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பினக் குழந்தை ஒன்றைத் தொடரில் சேர்க்குமாறு வேண்டினார். தமக்கும் அந்த விருப்பம் உண்டென்றும், ஆனால் மேலிருந்து இரக்கம் காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் அவர் பதில் எழுதினார். ஆசிரியை தம் கறுப்பின நண்பர்களைக் கொண்டு எழுத வைத்தார். 1968 ஜூலை 31 அன்று கடற்கரையில் சார்லி ப்ரௌன் தொலைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஃப்ராங்க்ளின் வந்தான். அவன் தந்தை வியட்நாமில் இருப்பதாகப் பேச்சுவாக்கில் தெரிகிறது. வெள்ளைக் குழந்தைகளோடு அவன் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருப்பதைத் தென்மாநில இதழாசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார், ஷூல்ஸ் பொருட்படுத்தவில்லை. படத்தை மாற்றச் சொன்னால் தாம் விலகிவிடுவதாகச் சிண்டிகேட் தலைவரிடம் தெரிவித்தார்.

தனிக்கைக்கு இருந்த எல்லையும் இங்கேதான் தெரிகிறது. லூசியின் சிடுசிடுப்பையும் லைனஸ் விடாமல் பற்றியிருக்கும் போர்வையையும் போல ஃப்ராங்க்ளினுக்கென்று ஒரு குறை கூட இல்லை. ‘பீனட்ஸ்’ உலகில் குறைதான் ஒருவருக்கு உயிர் தருவது. அவன் நல்லவனாகவே இருந்துவிட்டான். தம் மனத்தின் வெவ்வேறு பகுதிகளையே குழந்தைகளாக்கிய ஒருவருக்கு, தாம் வாழ்ந்தறியாத வாழ்க்கையை அதே ஆழத்தில் எழுதக் கை வரவில்லை. துணிவு இருந்தது, அறிமுகம் போதவில்லை.

நடுங்கும் கோடு

1981-இல் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பத்தாண்டில் கை நடுக்கமும் வந்தது. 1950-களின் ஸ்ட்ரிப்பையும் 1990-களின் ஸ்ட்ரிப்பையும் அடுத்தடுத்து வைத்தால், வழுக்கிச் செல்லும் கோடு பிற்காலத்தில் சுருள் சுருளாக அதிர்வதைக் காணலாம். வேறு யாராயினும் இந்தக் கட்டத்தில் மையிட ஒருவரை அமர்த்தியிருப்பார்கள். அவர் நடுக்கத்தை மறைக்காமல் வரைந்தார். புல்லும் மழையும் முதிய நாய்களின் மீசையும் அந்த அதிர்வை ஏற்றுக்கொண்டன. 1988-இல், 37 ஆண்டுக்காலம் கட்டிவைத்திருந்த நான்கு சமக் கட்டங்களையும் கைவிட்டு, சில நாள் மூன்று, சில நாள் இரண்டு, சில நாள் ஒரே நீண்ட கட்டம் என்று மாற்றிக்கொண்டார். அந்தக் கடைசிப் பத்தாண்டை வீழ்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. நீண்ட ஒற்றைக் கட்டத்தில் ஒரு மரத்தடியில் நிற்கும் சார்லி ப்ரௌனுக்கு முன்பு கிடைக்காத வெளி கிடைத்தது. அந்த வெளியில் அவன் இன்னும் சிறியவனாகத் தெரிந்தான்.

1999 நவம்பரில் பக்கவாதத் தாக்குதல்களோடு பெருங்குடல் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. டிசம்பர் 14 அன்று ஓய்வை அறிவித்தார். அப்போது அவருடைய தொடர் 75 நாடுகளில், 21 மொழிகளில், 2,600-க்கும் மேற்பட்ட இதழ்களில் வந்துகொண்டிருந்தது. 2000 பிப்ரவரி 12 இரவு கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் தூக்கத்தில் உயிர் பிரிந்தது. மறுநாள் இதழ்களில், தன் நாய்வீட்டின் கூரை மேல் தட்டச்சு இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் ஸ்னூபியுடன் அவரது விடைபெறும் கடிதம் வெளியானது. அந்த ஞாயிறு பக்கம் முன்பே அச்சாகிவிட்டிருந்தது.

தமக்குப் பிறகு யாரும் வரையக் கூடாது என்பது அவருடைய விருப்பம். குடும்பத்தாரும் அதையே வலியுறுத்தினர். உரிமை தன்னிடம் இருந்தும் சிண்டிகேட் அதற்கு உடன்பட்டது. அந்த இடத்தில் என்ன அச்சிடுவது என்பதற்கு இதழ்களிடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. 1997 குளிர்காலத்தில் அவர் இல்லாத அந்த ஐந்து வாரங்களுக்கு, வேறொருவர் வரைந்ததை அனுப்பாமல், பழைய ஸ்ட்ரிப்களையே சிண்டிகேட் மறுபடி அனுப்பியிருந்தது. 2000-க்குப் பின்னும் இதழ்கள் அதையே செய்தன; இன்றும் செய்து வருகின்றன.